சிவராமகிருஷ்ணய்யர் புத்தகத்துக்குப் பேர் வைத்தது

இதனால் சகல ஜனங்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம் கல்கத்தா மாநகரத்தில், சரித்திரத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய ஒரு சம்பவம் நடந்தேறியது. ராஜதானி டில்லிக்குப் போன சமாசாரம் என்று யாராவது நினைத்துக்கொண்டால் அது பிசகு. அது சின்ன விஷயம். சக்கரவர்த்தி வந்தார், நாலு வார்த்தை சொன்னார், மூட்டையைக் கட்டுங்கள் என்றார், முடிந்தது. இது அப்படிப்பட்டதல்ல. பவானிபூரில், கவர்ன்மெண்டு கணக்காபீஸ் சூப்பிரண்டு சிவராமகிருஷ்ணய்யர், தாம் எழுதிய புத்தகத்துக்குப் பேர் வைக்க உட்கார்ந்தார்.

புத்தகம் எழுதி முடிந்துவிட்டது. தென்னாட்டிலிருந்து உத்தியோகத்துக்காகக் கல்கத்தா வந்து குடித்தனம் போடுகிற தமிழ்க் குடும்பங்களுக்கு வேண்டிய சகலமும் அதில் இருந்தது. கடுகெண்ணெய்க் கடைக்காரனுக்கு நல்லெண்ணெய் என்றால் என்ன என்று எப்படிப் புரியவைப்பது, மீன்காரி கூடையோடு வாசலில் வந்து நின்றால் அவள் மனம் நோகாமல் எப்படி அனுப்புவது, காளிகாட்டில் பண்டா என்கிற கோயில் புரோகிதர்கள் கையில் சிக்காமல் எப்படி தரிசனம் பண்ணுவது, எல்லாம் இருந்தது. ஒன்பதாம் அத்தியாயம் முழுக்க முழுக்க தோசை மாவு. கல்கத்தாவில் மார்கழிக் குளிரில் மாவு பொங்காது; வைகாசியில் மத்தியானத்துக்குள் பொங்கிப் புளித்துப் பாத்திரத்தை விட்டு வழிந்து ஓடும். ஐயர் இரண்டு குளிர்காலம், ஒரு உஷ்ணமானியைக் கையில் வைத்துக்கொண்டு, மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றியும் அரிசி மூட்டைக்குள் புதைத்தும் அடுப்பு மேடையில் ஏற்றியும் இறக்கியும் சோதனை செய்து உண்மையைக் கண்டுபிடித்திருந்தார். அந்த இரண்டு குளிர்காலமும் அவர் மனைவி அனந்தலக்ஷ்மி சமையலறையில் தன் பாத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆக, உபயோகமான புத்தகம். அதுதான் ஐயரை உறுத்தியது. உபயோகமான புத்தகம் எழுதியவனை யார் மதிக்கிறார்கள்? பேராவது கம்பீரமாக இருக்க வேண்டாமா?

பேர் என்பது ஐயருக்கு லேசான விஷயம் இல்லை. சிவன், ராமன், கிருஷ்ணன் என்று மூன்று தெய்வங்களைச் சேர்த்து அவருடைய தகப்பனார் வைத்த பேர், பிறந்து இத்தனை வருஷத்தில் ஒருவர் வாயிலும் முழுசாக நுழைந்ததில்லை. ஆபீஸ் காகிதங்களில் அவர் மூன்று இங்கிலீஷ் எழுத்து. துரைக்கு ‘ஷிவ்ராம்’. பக்கத்து வீட்டு போஸ் பாபுவுக்கு ‘மத்ராஸி பாபு’. வீட்டில் ‘ஏன்னா’. அடுத்த வருஷம் பென்ஷன். ஆபீசும் டில்லிக்குப் போய்விட்டால் அந்த மூன்று எழுத்தும் போய்விடும். அதற்குள் தம் பேரை நாலு பேர் வாயால் முழுசாகச் சொல்லி, அதைத் தம் காதால் ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும். ஐயர் இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் புத்தகம் எழுதினதே அதற்காகத்தான்.

பேர் வைக்கும் வைபவம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயர் வீட்டுக் கூடத்தில் நடந்தது. அழைப்பு இரண்டு பேருக்கு. ஒருவர் நடராஜன், பாங்கியில் ஹெட் கிளார்க்கு. தமிழிலும் சமஸ்கிருதத்திலும் தமக்கு நிகரில்லை என்று அவரே சொல்லிவிட்டபடியால் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இன்னொருவர் சீதாராமன்; காளிகாட் போகிற சாலையில் அப்பளம், காப்பிக்கொட்டை, புளி, பஞ்சாங்கம் எல்லாம் சென்னையிலிருந்து தருவித்து விற்கிறவர். புத்தகம் அந்தக் கடையில்தான் விலைக்கு வைக்கப்படும்.

நடராஜன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்ததை வெளியிட்டார்.

“வங்கதேச வாஸ தக்ஷிண கிருகஸ்த ஸகல ஸௌகரிய ஸுதா ரத்நாகரம்.”

சீதாராமன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

“ஓய், கடைல வந்து ஒருத்தர் இதைக் கேட்டு முடிக்கறதுக்குள்ள ரெண்டு டிராம் போயிடுமே” என்றார் சீதாராமன்.

“உமக்கு எல்லாமே டிராம்தான். இது இலக்கியம், காணும். அப்பளம் இல்லை.”

“அப்பளக் கடைலதானே ஐயா விக்கப் போறேள்? நான் சொல்றேன் கேளுங்கோ. ‘கல்கத்தாவில் குடித்தனம்.’ பார்த்த உடனே புரியும்.”

ஐயர் முகத்தைச் சுளித்தார். “வீடு வாடகைக்கு விடப்படும்னு போர்டு மாட்டின மாதிரி இருக்கு.”

“பார்த்த உடனே புரிஞ்சுட்டா அப்புறம் எதுக்கு ஓய் உள்ளே பிரிச்சுப் படிக்கறது?” என்றார் நடராஜன்.

மத்தியானம் வரைக்கும் இப்படியே போயிற்று. தீபிகை, மஞ்சரி, சந்திரிகை, சிந்தாமணி என்று நடராஜன் ஒவ்வொன்றாக எடுத்து வீச, சீதாராமன் ஒவ்வொன்றையும் டிராமில் ஏற்றி அனுப்பினார். கடைசியில் நடராஜன் சலித்துப்போய், “பெரியவா எல்லாம் என்ன பண்ணினா? தன் பேரையே கிரந்தத்துக்கு வெச்சா. சிவராமகிருஷ்ண விலாசம்! எப்படி இருக்கு?” என்றார்.

ஐயர் காதுமடல் சிவந்தது. “சேச்சே! என் பேரா? அதெல்லாம் எதுக்கு? நான் யாரு? சின்ன எழுத்துல போட்டாக்கூட எனக்குக் கூச்சமா இருக்கும்.”

“பெரிய எழுத்துல போட்டா?” என்றார் சீதாராமன்.

“அதைத்தான் யோசிக்கறேன்” என்றார் ஐயர்.

அப்போது உள்ளேயிருந்து, “ஏன்னா, இங்கே கொஞ்சம் வரேளா?” என்று குரல் வந்தது. ஐயர் எழுந்து போனார். அனந்தலக்ஷ்மி காப்பி டம்ளர்களோடு கதவோரம் நின்றிருந்தாள்.

“அந்தப் பேர் வேண்டாமே.”

“ஏன்?”

“வாங்கப் போறவா எல்லாம் பொம்மனாட்டிகள். கடைல வந்து எப்படி வாயைத் திறந்து கேப்பா?”

“விலை கொடுத்து வாங்கறவாளுக்கு என்ன கூச்சம்?”

“கூச்சம் இல்லை. நான் சொல்றது…”

“அனந்தம், உனக்கு இதெல்லாம் புரியாது. இலக்கிய விஷயம்.”

“சரி, நான் என்னத்தைக் கண்டேன்” என்று காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். தம் புகழைக் கண்டு வீட்டிலேயே பொறாமை ஆரம்பித்துவிட்டது என்று ஐயர் எடுத்துக்கொண்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

சென்னையில் அச்சாகி, கப்பலில் கிடர்பூர் துறைமுகம் வந்து, மாட்டுவண்டி ஏறிச் சீதாராமன் கடைக்குப் புத்தகக் கட்டுகள் வந்து சேர்ந்தன. அட்டையில், மாவிலைத் தோரணம் வளைகிற மாதிரி வளைந்த எழுத்தில், ‘சிவராமகிருஷ்ண விலாசம்’. ஐயர் ஒரு பிரதியைக் கையில் எடுத்து, தூரத்தில் வைத்துப் பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் படிக்க முடிந்தது.

கடையின் முன்பக்கத்தில் ஆண்களுக்குச் சீதாராமன் வியாபாரம் செய்வார். பக்கத்து அறையில், கோயிலுக்கு வந்துவிட்டுத் திரும்புகிற பெண்களுக்கு அவர் மனைவி ஜலஜா சாமான் கொடுப்பாள். அடுக்களை சம்பந்தப்பட்ட புத்தகம் என்பதால் அதை ஜலஜாவின் அறையில் வைப்பது என்று முடிவாயிற்று. சும்மா அடுக்கி வைத்துவிட முடியுமா? ஐயர் நேரில் வந்து சட்டம் போட்டார்.

“அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டு. கண்டவா எடுத்துப் புரட்டி, முகர்ந்து பார்த்துப் போட்டுட்டுப் போறதுக்கு இது கத்திரிக்காய் இல்லை. முழுப் பேரையும் சொல்லிக் கேட்டாத்தான் எடுத்துக் கொடுக்கணும்.”

“மாமா, முழுப் பேரும் சொல்லணும்னா…” என்று ஜலஜா இழுத்தாள்.

ஐயர் கையை உயர்த்தினார். ஆபீசில் அந்தக் கைக்கு ஐம்பது குமாஸ்தாக்கள் அடங்குவார்கள். ஜலஜாவும் அடங்கினாள். சீதாராமனும் வாயைத் திறக்கவில்லை. அவருடைய மைத்துனனுக்கு ஆபீசில் வேலை போட்டுக் கொடுத்தது ஐயர்தான்.

புத்தகம் விற்கவில்லை. கொஞ்சமாக விற்றது, மெதுவாக விற்றது என்றெல்லாம் சொல்வதற்கில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து வந்து கேட்டு வாங்கிப் போனது நடராஜன் ஒருவர்தான்; அவருக்கு இனாம். ஆனி போயிற்று, ஆடி போயிற்று. ஐயர் ஆபீஸிலிருந்து திரும்புகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்ப்பார். சீதாராமன் தலையைச் சொறிவார்.

“வரா அண்ணா. பொம்மனாட்டிகள் வராமல் இல்லை. அந்த அறைல என்னவோ பேச்சு நடக்கறது. அப்புறம் புளியை வாங்கிண்டு போயிடறா. ஜலஜாவைக் கேட்டா சிரிக்கறா.”

நடராஜனுக்கு இதற்கும் விளக்கம் இருந்தது. “ஜனங்களுக்கு இன்னும் பக்குவம் வரலை, காணும். உம்ம கிரந்தம் அம்பது வருஷம் முந்தி வந்துடுத்து.”

அம்பது வருஷம் காத்திருக்க ஐயருக்குச் சௌகரியப்படாது. ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, ஜலஜாவின் அறைக்குள், சாக்குப் படுதாவுக்குப் பின்னால், காப்பிக்கொட்டை மூட்டை மேல் போய் உட்கார்ந்துகொண்டார். எண்பது லட்சம் ரூபாய்க் கணக்கில் ஓரணா பிசகைக் கண்டுபிடித்த மனிதர். ஒரு புத்தகம் ஏன் விற்கவில்லை என்று கண்டுபிடிக்க முடியாதா?

கோயில் கூட்டம் திரும்புகிற நேரத்துக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி காமு, கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது, புருஷன் ராமசேஷன் துறைமுகத்தில் உத்தியோகம். கூட வந்தவள் விஜயலக்ஷ்மி, நடராஜனின் மனைவி.

“ஜலஜா, அனந்தம் மாமி ஆத்துக்காரர் புஸ்தகம் போட்டிருக்காராமே, அது இருக்கா?” என்றாள் காமு.

படுதாவுக்குப் பின்னால் ஐயர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அலமாரி நெறய இருக்கு. பேரைச் சொல்லிக் கேட்டாத்தான் கொடுக்கணும்னு மாமா உத்தரவு.”

“போன தடவையும் இதையேதானே சொன்னே!”

“இந்தத் தடவையும் அதேதான். உத்தரவு மாறலையே.”

“எப்படிடி சொல்லுவேன்? ரெண்டு எழுத்து தாண்டறதுக்குள்ள எங்காத்துக்காரர் வந்து நிக்கறார். அவரைத் தாண்டிப் போனா அந்தண்டை மாமனார் உக்காந்திண்டிருக்கார்.”

ஐயருக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு நினைவுக்கு வந்தது. ராமசேஷனுடைய தகப்பனார் கிருஷ்ணசாமி.

“மாமி, நீங்க சொல்லுங்கோளேன்” என்றாள் காமு.

“நானா!” என்றாள் விஜயலக்ஷ்மி. “நன்னாயிருக்கு. ஆரம்பமே எங்காத்துக்காரர்தானே.”

“உங்காத்து மாமா பேர் வேறயாச்சே?”

“ஆடறபோது ஒரு பேர், உக்காந்திருக்கறபோது ஒரு பேர். ஸ்வாமி ஒண்ணுதானேடி? நான் சொல்லி, அவருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

“அப்போ நீயே சொல்லிண்டு நீயே எடுத்துக் கொடு, ஜலஜா.”

“எனக்கு மட்டும் கொம்பா முளைச்சிருக்கு? எங்காத்துக்காரர் பேர் எதுல முடியறதாம்?”

மூவரும் சிரித்தார்கள். ஐயர் சிரிக்கவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்தபடி, பவானிபூரிலும் காளிகாட்டிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களை ஒவ்வொன்றாக மனசில் நிறுத்திப் பார்த்தார். ராமநாதன், சிவசுப்பிரமணியன், கோபாலகிருஷ்ணன், வெங்கடராமன், சாம்பசிவன். ஒரு பெண் பாக்கி இல்லாமல் எல்லோருக்கும் அவருடைய பேரில் ஒரு துண்டு, புருஷனாகவோ மாமனாராகவோ மச்சினராகவோ போய்ச் சேர்ந்திருந்தது. ஊரில் எத்தனையோ பேர் இருக்க, அட்டையில் அச்சுக்கோத்து வளைத்துப் போட்டது, எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்ல முடியாத பேர்! கால் நூற்றாண்டாக அனந்தம் ‘ஏன்னா’ என்று கூப்பிட்டதைத் தமக்குக் காட்டுகிற மரியாதை என்று வாங்கி வைத்துக்கொண்டாரே தவிர, அதற்குப் பின்னால், புருஷன் பேரையும் அவனைச் சேர்ந்த பெரியவர்கள் பேரையும் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது என்று இவ்வளவு பெரிய சட்டம் இருப்பதை அவர் யோசித்ததே இல்லை. அவள் அன்றைக்குக் காப்பியோடு வந்து சொல்ல வந்தது இதைத்தான்.

எழுந்து வெளியே போய் உத்தரவை ரத்து செய்யலாம். ஆனால் பேரைச் சொல்லாமலே விற்பதற்குப் புத்தகம் எதற்கு? எழுதினதே அந்தப் பேரைக் கேட்கத்தானே? ஐயர் அசையாமல் இருந்தார். புத்தகம் அலமாரியிலேயே கிடந்து செல்லரித்தாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது.

வெளியே காமுவின் குரல் இறங்கிவிட்டது. “எனக்கு முழுப் புஸ்தகம் எதுக்கு மாமி? அந்த மாவு சமாசாரம் ஒண்ணு தெரிஞ்சாப் போறும். போன மார்கழி முழுக்க எங்காத்துல மாவு பொங்கலை. தோசை வட்டு வட்டா அட்டை மாதிரி. எனக்குக் கை ராசி இல்லைன்னு மாமியார் ஊரெல்லாம் சொல்லிட்டா.”

“இதுக்குப் போயா புஸ்தகம்?” என்றாள் விஜயலக்ஷ்மி. “நான் சொல்றேன். மாவைக் கரைக்கறச்சே கொதிக்கக் கொதிக்க வெந்நீரை விட்டுக் கரைச்சு மூடிடு. கார்த்தால பாரு, பொங்கி நிக்கும்.”

அவ்வளவுதான். படுதா கிழிகிற மாதிரி விலகியது.

“வெந்நீரா!” என்று கத்தினார் ஐயர். “கொதிக்கற வெந்நீரை விட்டா மாவு செத்துப் போயிடும்! ஜன்மத்துக்கும் பொங்காது! உளுந்தை ஊறப்போடற தண்ணியைத்தான் வெதுவெதுப்பா வெச்சுக்கணும். பாத்திரத்தை அரிசி மூட்டைக்குள்ள புதைக்கணும். ஒன்பதாம் அத்தியாயத்துல விவரமா எழுதியிருக்கேனே!”

காமு புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். விஜயலக்ஷ்மி புளிக்கூடைக்குப் பின்னால் போய்விட்டாள். ஐயரின் வேஷ்டியெல்லாம் காப்பிக்கொட்டைத் தூசி.

“கொடு, ஜலஜா” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. “அந்தப் பொண்ணுக்கு எடுத்துக் கொடு. யார் வந்தாலும் கொடு. பேர் கேக்காதே.”

“என்னன்னு சொல்லிக் கேக்கச் சொல்றது மாமா?”

ஐயர் வேஷ்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு, “மாவுப் புஸ்தகம்னு கேக்கச் சொல்லித் தொலை” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

துர்கா பூஜைக்குள் அலமாரி காலியாகிவிட்டது. மாவுப் புஸ்தகம் உண்டா என்று கேட்டு பவானிபூரிலிருந்து குதிரை வண்டியில் வந்தார்கள். கிடர்பூரிலிருந்து ஆள் அனுப்பினார்கள். ரங்கூனுக்குப் போன குடும்பம் ஒன்று இரண்டு பிரதி கையோடு கொண்டுபோயிற்று. அந்த மார்கழியில் காமுவின் வீட்டில் மாவு பொங்கியது. மாமியார் அதைத் தன் கை ராசி என்று சொல்லிக்கொண்டாள். தம்முடைய சிருஷ்டியான பேரை யாரும் உச்சரிக்கவில்லை என்று நடராஜன் கோபித்துக்கொண்டு, ஐயர் வீட்டுக் காப்பியை ஒரு வாரம் பகிஷ்காரம் செய்தார்.

இரண்டாம் பதிப்பு போடும்போது சீதாராமன் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அண்ணா, அட்டையிலேயே மாவுப் புஸ்தகம்னு போட்டுடலாமா?”

ஐயர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். அதற்குக் கீழே, ‘இயற்றியவர் பிரம்மஸ்ரீ சிவராமகிருஷ்ணய்யர்’ என்று, தலைப்பைவிடப் பெரிய எழுத்தில். அப்படியே அச்சிட்டு வந்தது. இனிமேல் புத்தகத்தைக் கேட்க அந்தப் பேரைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதை யார் எழுதியது என்று ஒருவர் கேட்டால் இன்னொருவர் சொல்லித்தானே ஆக வேண்டும்? ஐயர் பென்ஷன் வாங்கிக்கொண்டு அதற்குக் காத்திருந்தார்.

ரொம்ப நாள் காத்திருக்கவில்லை. காளிகாட் கோயில் தெருவில் ஒரு நாள் காலையில், அவருக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள். ஒருத்தி காமு. மற்றவள் அப்போதுதான் கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கியவள், கையில் புத்தகம்.

“இதை எழுதினது யார் அக்கா? நேர்ல பார்த்தா நமஸ்காரம் பண்ணணும் போல இருக்கு” என்றாள் புதியவள்.

ஐயர் நடையை மெதுவாக்கினார். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார்.

“அட்டைல போட்டிருக்கே, பாரேன்.”

“போட்டிருக்கு. நான் எப்படிச் சொல்லுவேன்? எங்காத்துக்காரர் பேர் இருக்கே.”

“எங்காத்துக்காரரும் இருக்கார்” என்றாள் காமு. “அனந்தம் மாமின்னு வெச்சுக்கோயேன்.”

வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் பதிப்பு வருவதற்குள், அந்தப் புத்தகத்தை எழுதியது அனந்தலக்ஷ்மி மாமி என்பது கல்கத்தாவிலிருந்து ரங்கூன் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஆகிவிட்டது.

அனந்தலக்ஷ்மிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.